புதுச்சேரில கப்பல் ஏறினவங்கள்ல நிறைய பேரு நம்ம தென்னாற்காட்டு (கடலூர், விழுப்புரம் பக்கத்து) ஜனம்தான்

கெடிலக்கரை (கடலூர்) எழுதியது:

பென்ஷன் இழையில ஒரு நண்பர் "புதுச்சேரியிலேருந்து வெளிநாடு போனவங்கன்னா பிரெஞ்சு பட்டாளத்துக்கும் வியட்நாம்ல சைகோன் உத்தியோகத்துக்கும் போனவங்கதான்"னு எழுதியிருந்தாரு. அங்கயே பதில் போட்டா பேச்சு வேற பக்கம் போயிடும், அதான் தனியா எழுதறேன். அது மொத்தக் கதை இல்லைங்க. அதைவிடப் பல மடங்கு ஜனம் கூலிக்குப் போச்சு, அதுலயும் நிறைய பேரு புதுச்சேரிக்காரங்களே கிடையாது, கடலூர், திருக்கோவிலூர், விழுப்புரம், சிதம்பரம், அந்தாண்ட தஞ்சாவூர் வரைக்கும் உள்ள ஜனம்.

எப்படின்னா, 1848ல பிரெஞ்சுக்காரங்க அவங்க காலனிங்கள்ல அடிமை முறையை ஒழிச்சாங்க. இந்தியப் பெருங்கடல்ல இருக்கற ரெயூனியன் தீவுல மட்டும் அந்த வருஷம் டிசம்பர் 20ந் தேதி 60,000 பேருக்கு மேல விடுதலை ஆனாங்க. விடுதலை ஆனவங்க பழைய முதலாளியோட கரும்புக் காட்டுக்கே திரும்பிப் போவாங்களா? போகல. கரும்பு வெட்ட ஆளு வேணும், உடனே புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பிட்டாங்க. ஆனா பிரெஞ்சு இந்தியா மொத்தமும் சேத்தாலே மூணு லட்சத்தைத் தாண்டாத ஜனம், அதுக்குள்ளருந்து எத்தனை பேரைப் பிடிக்க முடியும்? எல்லையைத் தாண்டினா சுத்தி எல்லாமே பிரிட்டிஷ்காரன் ஊரு. புதுச்சேரி மேப்பைப் பாருங்க, இன்னைக்கும் துண்டு துண்டாதான் கிடக்கு, பாகூர் பக்கம் நடந்து போனா எப்ப தமிழ்நாட்டுல இருக்கோம் எப்ப புதுச்சேரில இருக்கோம்னே தெரியாது. ஆள் பிடிக்கற மேஸ்திரிங்க உள்ளூர் சந்தை, சத்திரம், கோயில் திருவிழான்னு சுத்தி ஆள் சேத்து, ராத்திரியோட ராத்திரியா எல்லையைக் கடத்திக் கொண்டாந்து, கப்பல் வர்ற வரைக்கும் தங்க வைக்கற டிப்போவுல விட்டாங்க. தலைக்கு இவ்வளவுன்னு அவங்களுக்குக் காசு.

1860ல பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டப்பதான் இது சட்டபூர்வமாச்சு. புதுச்சேரிலயும் காரைக்கால்லயும் பிரிட்டிஷ் ஏஜென்ட் உக்காந்து ஒவ்வொருத்தரையும் "நீ தெரிஞ்சுதான் போறியா"ன்னு கேக்கணும்னு விதி. பிரிட்டிஷ்காரன் எதுக்கு புதுச்சேரில வந்து ஆளை விசாரிக்கணும்? போற ஜனம் அவன் பிரஜை, அதான்.

ரெயூனியனுக்கு 1882 வரைக்கும் ஒரு லட்சத்துக்கு மேல. கரீபியன் பக்கத்து பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு சுமார் 42,000. அதே பக்கத்து மர்த்தினிக்குக்கு 25,000 பேருக்கு மேல. இவ்வளவு பேரு போயிருக்காங்க, கடலூர் மாவட்டத்துல எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது ஒரு வரி சொல்லிக்குடுக்கறாங்களா? இதைப் பத்தித் தெரிஞ்சவங்க எழுதுங்க.

---

முத்தியால்பேட்டை_பழசு எழுதியது:

நல்ல இழை அண்ணே. கப்பல் ஏறினதுன்னு நாம லேசா சொல்லிடறோம், எப்படி ஏறினாங்கன்னு கொஞ்சம் சொல்லறேன். புதுச்சேரிக்கு அப்ப துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கே வராது, ஆழம் பத்தாது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கரையிலேருந்து அதுவரைக்கும் மசூலா படகு, சலங்குன்னும் சொல்லுவாங்க. அதுல ஆணியே இருக்காது. பலகையைக் கயித்தால தச்சிருப்பாங்க, நடுவுல வைக்கோல் மாதிரி அடைச்சிருப்பாங்க, அலை மோதறப்ப படகு வளைஞ்சு குடுக்கும், ஒடையாது. ஆணி அடிச்ச படகா இருந்தா நம்ம கரை அலைக்கு ரெண்டாவது மூணாவது மோதல்லயே பொளந்துடும். நம்ம மீனவ ஜனம்தான் தண்டு வலிச்சாங்க. அலை தாண்டற அந்த நேரம் படகு நட்டுக்கிட்டு நிக்கும், தண்ணி உள்ள அடிக்கும். உள்நாட்டுல ஏரிப் பாசனத்துல வேலை செஞ்ச ஜனம், கடலையே கண்ணால பாக்காதவங்க, கைக்குழந்தையை இடுப்புல கட்டிக்கினு அந்தப் படகுல உக்காந்திருப்பாங்க. இன்னைக்கு பீச்ல காந்தி சிலைகிட்ட நின்னுகினு ஐஸ்கிரீம் சாப்பிடறோமே, அந்தக் கரையிலதான்.

அப்புறம் 1860கள்லதான் கடலுக்குள்ள நீட்டி இரும்புப் பாலம் போட்டாங்க, அது 1952 புயல்ல போச்சு. இப்பவும் தண்ணி உள்வாங்கினா சில தூண் தெரியும்.

---

ஓய்வு_வாத்தியார் (திருப்பாதிரிப்புலியூர்) எழுதியது:

கெடிலக்கரை தம்பிக்கு, 1848லேருந்து ஆரம்பிச்சா பாதியிலேருந்து ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும். அதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே இந்தக் கரையிலேருந்து ஜனம் போயிருக்கு, அடிமையா. 17ம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க பழவேற்காடு, நம்ம தேவனாம்பட்டினம், நாகப்பட்டினம்னு வியாபாரக் கிடங்கு போட்டு வெச்சிருந்தாங்க, துணி வாங்கத்தான் வந்தாங்க, ஆனா பஞ்சம் வந்தப்பல்லாம் ஆளையும் வாங்கினாங்க. ஜனம் சோத்துக்கு வழியில்லாம தன்னையே வித்துக்கிச்சு, புள்ளையை வித்துச்சு. படாவியாவுக்கும் (இன்னைக்கு ஜகார்த்தா) இலங்கைக்கும் கொண்டு போனாங்க. சண்டை, வறட்சி, விலையேத்தம் இது மூணும் ஒண்ணா வர்ற வருஷத்துலதான் கப்பல் நிறைஞ்சிருக்குங்கறதை கவனிக்கணும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துலயும் இதேதான்.

பிரெஞ்சுக்காரங்க கதையும் அப்படித்தான். 1735ல மொரீசியசுக்கு கவர்னரா வந்த லபூர்தொனே போர்ட் லூயி பட்டணத்தைக் கட்டறதுக்கு புதுச்சேரிலேருந்து கொத்தனாரு, தச்சரு, கருமான்னு வேலைக்காரங்களை வரவழைச்சாரு. அவங்க கையில தொழில் இருந்துச்சு, சம்பளத்துக்குப் போனவங்க. அதே காலத்துல அடிமையா போனவங்களும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல 1743ம் வருஷத்துப் பதிவுல இருக்கு, அரியாங்குப்பம் பக்கத்துல ஆளுங்களை ஏமாத்திக் கூட்டிக்கிட்டு வந்து ஒரு வீட்டுல அடைச்சு வெச்சு கப்பல்ல ஏத்தின சங்கதி. பின்னாடி பிரெஞ்சுக்காரங்களுக்குத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) ஆன பிள்ளையே எழுதி வெச்சிருக்காருன்னா ஊரே பேசின விஷயம்னுதானே அர்த்தம்.

ஒரே கப்பல்ல தொழில்காரனும் போயிருக்கான், பக்கத்துலயே கட்டிப் போட்டவனும் போயிருக்கான். ரெண்டையும் ஒண்ணாக் கலக்கவும் கூடாது, ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைக்கவும் கூடாது.

---

நெல்லிக்குப்பம்_துபாய் எழுதியது:

ஒரு கேள்வி. கூலி ஒப்பந்தத்துல போனவங்களை எல்லாரும் "அடிமை"ன்னே எழுதறாங்க. ஆனா அஞ்சு வருஷம் ஒப்பந்தம், சம்பளம் உண்டு, முடிஞ்சா இலவசமா திரும்பி வர கப்பல் டிக்கெட் உண்டு, இதெல்லாம் எழுத்துல இருந்துச்சு இல்லையா? இங்க பண்ணையில படியாளா தலைமுறை தலைமுறையா கிடந்தவனுக்கு அது ஒரு வழியா தெரிஞ்சிருக்கும்தானே. நானே இங்க ஒப்பந்தத்துலதான் இருக்கேன், என்னை யாராவது அடிமைன்னு சொன்னா எனக்குக் கோவம்தான் வரும்.

---

கெடிலக்கரை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. எழுத்துல என்ன இருந்துச்சுன்னு முதல்ல பாப்போம். குவாதலூப் ஒப்பந்தத்துல ஆம்பளைக்கு மாசம் பன்னண்டரை பிராங்க், பொம்பளைக்குப் பத்து, பசங்களுக்கு அஞ்சு. அரிசி, துணி, வைத்தியம் முதலாளி பொறுப்பு. படிக்க நல்லாதான் இருக்கு. ஆனா அஞ்சு வருஷம்ங்கறது காலண்டர் அஞ்சு வருஷம் இல்ல. வேலை செஞ்ச நாளை மட்டும்தான் எண்ணுவாங்க. காய்ச்சல்ல படுத்த நாளு, கோர்ட்டுல புகார் குடுக்கப் போன நாளு எல்லாம் கடைசியில சேத்து இழுத்துடுவாங்க. மொரீசியசுல இன்னும் மோசம், ஒரு நாள் வரலன்னா ரெண்டு நாள் கூலி கட். ரெயூனியன்ல கையில லிவ்ரேன்னு ஒரு புத்தகம், அது இல்லாம தோட்டத்தைத் தாண்டினா நாடோடின்னு புடிச்சு உள்ள போடுவாங்க. வேலையை விட்டா அது ஒப்பந்த மீறல் மட்டும் இல்ல, குற்றம். ஜெயில்.

திரும்பி வர்ற டிக்கெட்டு எழுத்துல இருந்துச்சு, ஆனா குவாதலூப்புக்குப் போன 42,000 பேருல திரும்பினவங்க பத்தாயிரம்கூட இல்ல. சில பேரு அங்கயே இருக்கணும்னு இருந்தாங்க, ஆனா நிறைய பேரு செத்துட்டாங்க, கடன்ல மாட்டி மறுபடி கைநாட்டு வெச்சாங்க. ரெயூனியன்ல நிலைமை எவ்வளவு மோசம்னா 1877ல ரெண்டு நாட்டு அரசும் சேந்து கமிஷன் போட்டு விசாரிச்சு, கடைசில 1882ல பிரிட்டிஷ்காரன் ஆள் அனுப்பறதையே நிறுத்திட்டான். இந்தியாவுல பஞ்சத்தை வேடிக்கை பாத்த அந்த அரசாங்கமே நிறுத்திச்சுன்னா பாத்துக்கோங்க.

அதே சமயம் நீங்க சொல்ற மறுபாதியை நான் ஒதுக்கல. பண்ணையாளா இருந்தவன், ஊருக்கு வெளிய சேரில இருந்தவன், புருஷன் செத்து மாமியா வீட்டுல சோறு இல்லாத பொண்ணு, இவங்களுக்கெல்லாம் கப்பல் ஒரு கதவு. கட்டாயம்னு மட்டும் சொன்னா அவங்க எடுத்த முடிவை நாம அழிச்சிடறோம். என் வாதம் என்னன்னா கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

---

லாஸ்பேட்டை_தமிழரசி எழுதியது:

பொண்ணுங்க பேச்சு வந்ததால நானும் சொல்லறேன். கப்பல்ல பெண்கள் குறைஞ்சபட்சம் இத்தனை பங்கு இருக்கணும்னு 1860 ஒப்பந்தத்துலயே உண்டு, முதல்ல ஆம்பளைங்க எண்ணிக்கையில நாலுல ஒரு பங்கு, அப்புறம் மூணுல ஒரு பங்கு. தென்னாப்பிரிக்காவுல நேட்டால் பக்கம் நூறு ஆம்பளைக்கு நாப்பது பொம்பளை. இந்தக் கணக்கை நிரப்பணுமே, அதுக்காக மேஸ்திரிங்க தனியா நிக்கற பொண்ணுங்களைத் தேடித் தேடி பிடிச்சிருக்காங்க. நூறுக்கு நாப்பதுன்னா அங்க போய் அந்தப் பொண்ணுங்க நெலமை என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனாலும் அவங்கதான் அங்க குடும்பத்தையே நிறுத்தினாங்க, சாமி கும்புடற முறையைக் காப்பாத்தினாங்க, மசாலா அரைக்கற கல்லுகூட மறக்கல.

எங்க வீட்டு மாடியில ரெயூனியன்லேருந்து வந்த ஒரு அம்மாவும் அவங்க பொண்ணும் வாடகைக்கு இருந்தாங்க. ஒரு வார்த்தை தமிழ் வராது. பிரெஞ்சும் அந்தத் தீவோட கலப்பு மொழி கிரியோலும்தான். கூட்டிக்கிட்டுப் போயி வீராம்பட்டினம் கோயில் காட்டினேன், அப்புறம் ஒரு திரௌபதி அம்மன் தீமிதிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க குழி வெட்டி நெருப்பை சமன் பண்ணி, பக்கத்துல பால்குழி வெச்சிருக்கறதைப் பாத்துட்டு அந்த அம்மா அப்படியே நின்னுட்டாங்க. அவங்க ஊர்லயும் இதே மாதிரிதானாம், பதினெட்டு நாள் விரதம், மஞ்சள் துணி, கரகம், நெருப்புக்கு அந்தாண்ட பால். திரௌபதியை அங்க "பாண்டியாலே"ன்னு சொல்லுவாங்க. ராத்திரி முழுக்க வேஷம் கட்டி பாரதம் ஆடற கூத்துகூட அங்க இருந்திருக்கு. பாட்டு தமிழ்லதான், அர்த்தம் தெரியாமலே மனப்பாடமா பாடியிருக்காங்க.

இந்தத் திரௌபதி அம்மன் தீமிதி எங்க அதிகம்? செஞ்சி, விழுப்புரம், கடலூர் பக்கம். அதுலயே தெரிஞ்சுபோச்சு யாரு போனாங்கன்னு. கெடிலக்கரை அண்ணன் சொன்னதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்.

---

சைகோன்_பேரன் எழுதியது:

பென்ஷன் இழையில எழுதினது நான்தான். கூலிக்குப் போனவங்களை மறைக்கணும்னு எழுதல, அது வேற. ஆனா சைகோன் கதையை இங்க எல்லாரும் "சுகமா போன கூட்டம்"ங்கற மாதிரி பேசறீங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்ல.

1873ல பொன்னுத்தம்பிப் பிள்ளைன்னு ஒரு வக்கீல் புதுச்சேரி கோர்ட்டுக்கு ஐரோப்பிய செருப்பு போட்டுக்கிட்டுப் போனாருன்னு தண்டனை குடுத்தாங்க. இந்தியன்னா வெறுங்காலோடதான் வரணுமாம். அவரு விடல, பாரீஸ் வரைக்கும் கேஸ் நடத்தி ஜெயிச்சாரு. அந்தக் காலத்துப் புதுச்சேரி அது. 1881 செப்டம்பர்ல ஒரு ஆணை வந்துச்சு, தன் சாதி வழக்கம் சார்ந்த சட்டத்தை விட்டுக்குடுத்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கறேன்னு எழுதிக் குடுத்தா முழு குடிமகன், குடும்பப் பேரும் புதுசா வெச்சுக்கணும். பொன்னுத்தம்பி லபோர்த்துன்னு வெச்சுக்கிட்டாரு. அப்படி எழுதிக் குடுத்தவங்கள்ல கிறிஸ்தவங்க நிறைய, தாழ்த்தப்பட்ட ஜனம் நிறைய. ஏன்னா விட்டுக்குடுக்கறதுக்கு அவங்களுக்கு சாதியில ஒண்ணும் இல்ல, கிடைக்கறதுக்கு நிறைய இருந்துச்சு.

அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டுதான் சைகோனுக்குப் போனாங்க. சுங்கம், போலீஸ், சிறை, வரி வசூல். எங்க தாத்தா சுங்கத்துல இருந்தாரு. வெள்ளைக்காரன் சம்பளத்தையே இவங்களுக்கும் குடுங்கன்னு சண்டை போட்டிருக்காங்க, அங்க இருந்த வெள்ளைக்காரங்க "நீங்க எப்படி பிரெஞ்சுக்காரங்க"ன்னு கேட்டிருக்காங்க. வியட்நாம் ஜனத்துக்கோ இவங்க வரி கேக்க வர்ற கருப்பு ஆளு. ரெண்டு பக்கமும் இடி. அப்புறம் இந்தோசீனா யுத்தம், 1954ல பிரான்ஸ் கிளம்பிச்சு, கொஞ்சம் பேரு பாரீஸ் போனாங்க, கொஞ்சம் பேரு ஊருக்கு வந்து சொல்தா (பட்டாளக்காரர்) வீடுன்னு பேர் வாங்கினாங்க. 1962ல புதுச்சேரி இந்தியாவுக்குக் கைமாறினது முடிஞ்சப்ப ஆறு மாசத்துக்குள்ள பிரெஞ்சு குடியுரிமை வேணுமான்னு சொல்லணும். புதுச்சேரில சுமார் 5,000 பேருதான் வேணும்னாங்க. கேள்விப்படாம விட்ட குடும்பம் எத்தனையோ.

---

கெடிலக்கரை எழுதியது:

சைகோன் பேரன் சார், இவ்வளவு விவரமா எழுதினதுக்கு நன்றி. செருப்பு கேஸை இந்தத் தலைமுறைக்கு யாராவது சொல்லியே ஆகணும். நீங்க சொன்னதையே நான் இன்னொரு தீவுல காட்டறேன். குவாதலூப்புல பொறந்த கூலிக்காரங்க புள்ளைங்களுக்கு ஓட்டு கிடையாது, குடியுரிமை கிடையாது, ஆனா பட்டாளத்துக்கு மட்டும் கூப்பிடுவாங்க. ஆன்ரி சிதம்பரம்னு ஒருத்தர், 1863ல அங்கயே பொறந்தவரு, நம்ம ஜனத்தோட மகன். 1904ல ஆரம்பிச்சு 1923 வரைக்கும் பத்தொன்பது வருஷம் கேஸ் நடத்தி அந்த ஜனத்துக்குக் குடியுரிமை வாங்கிக் குடுத்தாரு. அங்க அவரு பேரு எல்லாருக்கும் தெரியும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல நின்னு கேளுங்க, ஒருத்தருக்கும் தெரியாது. இதுதான் என் ஆதங்கம். போனவங்க நம்மளை மறக்கல, பேருலயே ஊரை வெச்சுக்கிட்டிருக்காங்க. நாமதான் மறந்தோம். சைகோன் போனவங்க பணம் அனுப்பினாங்க, வீடு கட்டினாங்க, திரும்பி வந்தாங்க, அதனால ஞாபகம் நின்னுச்சு. கரும்புக் காட்டுக்குப் போனவங்ககிட்டேருந்து ஒரு கடுதாசிகூட வரல, போனது சேரி ஜனம்னா ஊர்க் கணக்குலயும் எழுதல.

---

பரங்கிப்பேட்டை_சபராளி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்க ஊரு மரக்காயமாருங்க கப்பல் வெச்சு பினாங்கு, மலாக்கா, அச்சே வரைக்கும் வியாபாரம் பண்ணினவங்க, கூலிக் கப்பலுக்கு ரொம்ப முன்னாடியே. துணிதான் முக்கியமா. எங்க வீட்டுப் பெரியவங்க பேச்சுல இன்னும் "சபருக்கு (கடல் கடந்த பயணத்துக்கு) போயிருக்காங்க"தான். அப்புறம் மலாயா ரப்பர் காலம், நாகப்பட்டினத்துலேருந்து ரஜூலா கப்பல்ல டெக்குல படுத்துக்கிட்டே போவாங்க. கங்காணி ஊருக்கே வந்து சொந்தக்காரங்களையும் தெருக்காரங்களையும் கூட்டிக்கிட்டுப் போவான், அதனால புதுச்சேரி மேஸ்திரி கதையும் மலாயா கங்காணி கதையும் ஒண்ணு இல்ல. கங்காணிக்கு ஊருல முகம் தெரியும், ஏமாத்தினா திரும்பி வர முடியாது. ஆனா அவன்கிட்ட வாங்கின கடன் தோட்டத்துலயும் தொரத்தும்.

---

நெல்லிக்குப்பம்_துபாய் எழுதியது:

படிச்சுட்டு ரெண்டு நாளா யோசனையா இருந்தேன். கெடிலக்கரை அண்ணே, "வேலையை விட்டா குற்றம்"னு எழுதினீங்களே, அது மண்டையிலயே நிக்குது. இங்க என் கூட இருந்த பண்ருட்டி பையன் ஒருத்தன், ஊருல ஒரு ஏஜென்ட்டுக்கு நகையை வெச்சுப் பணம் குடுத்துட்டு வந்தான், டிரைவர் வேலைன்னு சொன்னது ஒட்டகப் பண்ணையா மாறிடுச்சு. பாஸ்போர்ட்டு முதலாளி பொட்டியில. வேலையை விட்டு ஓடினா கேஸ் அவன் மேலதான். அவனுக்கு ஒப்பந்தம் அரபிலயும் இங்கிலீஷ்லயும் இருந்துச்சு, படிச்சுக் காட்டினவங்க யாரும் இல்ல.

சென்னையில குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸ் இருக்கே, பத்தாவது முடிக்காதவங்க வளைகுடா போறதுன்னா அங்க அனுமதி வேணும், அந்தப் பதவியே இந்தக் கூலிக் கப்பல் காலத்துலதான் உண்டாச்சாமே? அப்படின்னா "நீ தெரிஞ்சுதான் போறியா"ன்னு கேக்கற அதே ஆளுதான் இன்னைக்கும் உக்காந்திருக்காரு.

---

ஓய்வு_வாத்தியார் எழுதியது:

ஆமாம் தம்பி. துறைமுகங்கள்ல அந்தப் பேருலயே அதிகாரி இருந்தாரு. 1917ல ஒப்பந்தக் கூலி ஆள் அனுப்பறது நின்னுச்சு, 1922ல ஒரு சட்டம், 1983ல இப்போ இருக்கற குடிபெயர்வுச் சட்டம். பதவி தொடர்ந்து வருது. உங்க பண்ருட்டி நண்பர் மாதிரி யாரும் போகறதுக்கு முன்னாடி ஏஜென்ட்டுக்கு அரசு லைசென்ஸ் எண் இருக்கான்னு அரசோட இ-மைக்ரேட் இணையதளத்துல சரி பாக்கணும். எண் சொல்லாதவன்கிட்ட ஒரு பைசா குடுக்கக் கூடாது.

---

லாஸ்பேட்டை_தமிழரசி எழுதியது:

தேடணும்னு நினைக்கறவங்களுக்கு: நேட்டால் போன 1,52,000 சொச்சம் பேரோட கப்பல் பட்டியல் இருக்கு, அதுல மூணுல ரெண்டு பங்கு சென்னையில ஏறினவங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி. எண், பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், கடைசில உடம்புல அடையாளம், முழங்கால்ல தழும்பு, நெத்தியில பச்சை குத்தினதுன்னு. நம்ம ஆளுங்களோட அந்தக் காலத்து உடம்பைப் பத்தி வேற எங்கயும் இப்படி ஒரு வரி எழுதி வெச்சிருக்க மாட்டாங்க. மொரீசியசுல மோக்காவுல மகாத்மா காந்தி நிறுவனத்துல பதிவேடு இருக்கு, 1860களுக்கு அப்புறம் போனவங்களுக்கு போட்டோவும் உண்டு. பிரெஞ்சுக் காலனி காகிதங்களுக்கு பிரான்ஸ்ல எக்ஸ் அன் புரோவான்ஸ் ஆவணக் காப்பகம். இங்க லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்துல தேசிய ஆவணக் காப்பகத்தோட கிளை இருக்கு, பிரெஞ்சு காலத்துக் காகிதம் அங்க. பிரிட்டிஷ் பக்கம்னா சென்னை எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

தேடறப்ப ஊர்ப் பேருல மாட்டிக்குவீங்க. கூதலூர்னு இருந்தா கடலூர், போர்ட்டோ நோவோ பரங்கிப்பேட்டை, வில்லெனூர் வில்லியனூர், வல்தாவூர் வழுதாவூர், திருவதி பண்ருட்டி பக்கத்துத் திருவதிகை. வாயால படிச்சுப் பாத்தா பாதி புரிஞ்சுடும்.

---

முத்தியால்பேட்டை_பழசு எழுதியது:

அக்கா, ஜீவானந்தபுரத்துக்கு நான் வரேன். பிரெஞ்சு கையெழுத்து எங்க அப்பா படிப்பாரு, அவரையும் கூட்டிகினு வரேன். கெடிலக்கரை அண்ணே, நீங்க கடலூர் பக்கம் ஒரு பத்து கிராமத்துப் பேரும் அதோட பழைய எழுத்தும் எழுதிக் குடுத்தா அதை வெச்சு முதல்ல தேட ஆரம்பிக்கலாம்.

---

கெடிலக்கரை எழுதியது:

எழுதித் தரேன். திரௌபதி அம்மன் கோயில் இருக்கற ஊரா பாத்து முதல்ல எடுக்கறேன். நெல்லிக்குப்பம் தம்பி, உங்க ஊரையும் சேக்கறேன்.